வெயிட்

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி,
இரண்டாம் மாடி, படிக்கட்டுத் திருப்பம்.
கதவை அரையடி திறந்து
ஷைனி சிஸ்டர் சொன்னது ஒரே சொல்:
'வெயிட்.'

'ஆயிரத்து நானூத்தி இருபது' என்றேன்.
அவர் சொன்னது, நில்லுங்க என்று.

என் மேல் தப்பில்லை.
வால்டாக்ஸ் ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் எனக்கு.
பதினோரு வருஷமாய் அந்தச் சொல் காதில் விழுந்தால்
கை தானாக பில் புக்கைத் தேடும்.
கோணி எத்தனை, மரப்பெட்டி எத்தனை,
கழித்தது போக மிச்சம் எத்தனை.
மாதவரத்தில் வண்டி இறக்காமல் நின்றால்
அதற்கும் அதே சொல்,
மணிக்கு இருநூறு.
ஒரே பில்லில் மேலே ஒன்று, கீழே ஒன்று.
தமிழில் டைப் அடிக்கும் பையனுக்கு வித்தியாசம் தெரியாது.
காசு கட்டும் பார்ட்டி கேட்டதும் இல்லை.

இங்கிலீஷில் அவை ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை.
சிஸ்டரின் சார்ட்டில் பார்த்தேன்.
எடைக்கான சொல்லின் நடுவே
ஜியும் ஹெச்சும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன,
வெளியே மர பெஞ்சில் அப்பன்கள் உட்கார்ந்திருப்பது போல.
யாரும் உச்சரிப்பதில்லை.
எடுத்துவிட்டால் மட்டும் எழுத்துப் பிழை.

கொண்டித்தோப்பில் அது இன்னும் எங்கெங்கோ போகும்.
வெயிட்டான ஆளு என்றால் துட்டு.
ரொம்ப வெயிட்டு காட்டாதே என்றால் அடங்கு.
கல்யாணம் கல்யாணமாய்ப் பந்திக்கு வெயிட் பண்ணியே
வெயிட் போட்டவர் என் சித்தப்பா.

ஆயிரத்து எண்ணூறு வந்தால் வீட்டுக்கு.
அதாவது வெயிட்டுக்காக வெயிட்.
இதைச் சொல்லி மோகனவல்லியைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.
'தையல் இழுக்குது, போய்யா' என்றாள்.

முதல் வாரம் இறங்கும், சகஜம் என்றார்கள்.
இறங்கியது. நாற்பது கிராம்.
எங்கள் ஆபீஸில் நாற்பது கிராமுக்கு
ஈகூட வாய் திறக்காது.
சணல் கயிறு ஈரமானால் ஏறும் அது,
காய்ந்தால் போகும்.
அன்றைக்கு நான் பெரியமேடு வரை நடந்தே போய்
நடந்தே திரும்பி வந்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.

பதினெட்டாம் நாள் என்னையும் உள்ளே விட்டார்கள்.
சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்த என் நெஞ்சில்
காலில் 'மோகனவல்லி குழந்தை' என்று சீட்டு கட்டிய,
இன்னும் பெயர் வைக்காத அதை
தவளைக்குஞ்சு போல ஒட்டி வைத்தார்கள்.
இரண்டு மணி நேரம் அசையக்கூடாது.

தார்ப்பாய் போட்ட பத்து டன்னுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.
இதன் கனம் எனக்குப் பிடிபடவில்லை.
மூச்சு இழுத்தால் ஏறுகிறது,
விட்டால் எங்கே போகிறதென்று பயமாக இருக்கிறது.
அரை மணியில் முதுகு பிடித்தது,
மூக்கு அரித்தது, லேசாக நெளிந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து மோகனவல்லி,
கண்ணைத் திறக்காமல்,
'பொறு.'

எங்கள் லோடுமேன் சகாயம்
மூட்டைக்கு அடியில் இருந்து கத்துவான்:
'இதுக்கு மேல முதுகு பொறுக்காது, ஏத்தாத!'
அதே சகாயம் டீக்கடையில்:
'பொறு, வர்றேன்.'
பதினோரு வருஷமாய்க் கேட்கிறேன்,
ஒரு நாளும் அது எனக்கு
ஒரே சொல்லாய் விழுந்ததில்லை.

நான் பொறுத்தேன்.
எதை என்று கேட்டால், எந்த வெயிட்டை என்று கேட்டால்
பில்லில் எந்த வரியில் எழுதுவேன்?

மறுநாள் காலை
துணியை வைத்து, பூஜ்யம் அழுத்தி,
அதன் மேல் குழந்தையைக் கிடத்தினார் ஷைனி சிஸ்டர்.
கால் உதைக்க உதைக்கத்
திரையில் எண் நிற்காமல் ஆடியது:
ஐநூற்றி எண்பது, அறுநூற்றி பத்து, ஐநூற்றித் தொண்ணூறு.
கதவுக்கு வெளியே இருந்து
புதிதாய் வந்த ஒரு அப்பன் எட்டிப் பார்த்து,
'வெயிட்டா, சார்?' என்றான்.

ஆமாம் என்றேன்.